முதுகுப் பக்கம்

ஜூலை 14, திங்கள்

ரெஹானா கேட்கிற வேலைக் குறிப்பேடு வேறு. அதில் நூல் நம்பர், சாயக் கலவை, அளவு எல்லாம் நல்ல பிள்ளையாக எழுதி வாராவாரம் காட்ட வேண்டும். இது யாருக்கும் காட்டுவதற்கில்லை. இது திட்டுவதற்கு.

இன்று இறுதி நாடகங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். தாமோதரனுக்கு அரசவை. கிரீடம், கவசம், இரண்டு ராணிகள், ஒரு தளபதி, எல்லாம் பட்டு. வகுப்பே அவனைச் சுற்றி நின்றது. எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சீருடை.

கோயம்புத்தூரில் பதினாறு வருடம் கல்யாண ப்ளவுஸ் தைத்தவள் நான். முகூர்த்த நாளில் என் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. நாடக உடையைப் பெரிய அளவில் கற்க வேண்டும் என்று அந்தக் கடையை மூடிவிட்டுப் புதுச்சேரியில் நாடகத் துறையில் சேர்ந்தால், இரண்டாம் ஆண்டில் என் கையில் கட்டம் போட்ட டெரிகாட்டன்.

நாடகமும் அப்படித்தான். பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஒருத்தி பள்ளிக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டீக்கடைக்காரர் கேட்கிறார், கண்டக்டர் கேட்கிறார், கடைசியில் தேடி வந்த அம்மா கேட்கிறாள். ஏன் போகவில்லை என்று யாரிடமும் அவள் சொல்வதில்லை. விளக்கு அணைகிறது. இதற்கு எதற்கு வடிவமைப்பாளர்? யூனிபார்ம் கடையில் வாங்கி மாட்டிவிட்டால் போதாதா? ரெஹானாவிடம் கேட்டே விட்டேன்.

"அதனாலதான்க்கா உங்களுக்குக் கொடுத்தேன். அவ பேச மாட்டா. துணிதான் பேசணும்."

ரெஹானா என் ஆசிரியை. வயது இருபத்தொன்பது. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே ஃபெயில் போடுவார். போன பருவத்தில் ஒரு கூலிக்காரக் கிழவிக்கு நான் தைத்த சேலை, ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "உங்க துணி எல்லாமே முதல் நாள் துணிக்கா. யாரும் இன்னும் உடுத்தாத மாதிரியே இருக்கு." அந்தப் பாடம் போனது. இன்னொன்று போனால் பட்டம் இல்லை. பட்டத்தோடுதான் திரும்பி வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

மெஸ்ஸில் இன்றும் அதே சாம்பார். கேட்டால் நேற்றையது இல்லையாம்.

ஜூலை 22, செவ்வாய்

சீருடை தைத்து முடித்தேன். வெளிர்நீலக் கட்டம் போட்ட டாப், கருநீல பேண்ட், வெள்ளைத் துப்பட்டா. இரண்டு தோளிலும் பின் குத்தி, முன்னால் வி மாதிரி விழுந்து, முனைகள் பின்னால் தொங்கும் விதம். தோள் தையலில் கட்டமும் கட்டமும் ஒரு நூல் பிசகாமல் சேர்கின்றன. எந்த யூனிபார்ம் கடைக்காரனும் இதைச் செய்ய மாட்டான்.

மாணவியாக நடிக்கிற ஸ்டெல்லாவுக்குப் போட்டு நிறுத்தினேன். ரெஹானா சுற்றி வந்து பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. இந்தப் பொண்ணு இன்னிக்குக் காலைலதான் பொறந்தாளாக்கா?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது, எதற்கும் சிரிப்பாள். எனக்கு அழுகைதான் வந்தது. அழாமல் பின்களைக் கழற்றினேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு வாரமாகத் துணியைப் பழசாக்குகிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தேங்காய்த் துருவியில் உரசினேன், டீ டிகாக்ஷனில் ஊறவைத்தேன், செங்கல் பொடி தூவி மிதித்தேன். நான் கடை நடத்தியபோது ப்ளவுஸில் இஸ்திரிக் கறை பட்டதற்காக ஒரு வேலைக்காரப் பெண்ணை நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். இப்போது கறை போடக் கற்றுக்கொள்வதற்காக ஊரை விட்டு வந்திருக்கிறேன்.

இன்று காட்டினேன். ரெஹானா டாப்பை மேஜைமேல் விரித்துப் பார்த்தார். இடது கைமுட்டியைப் பார்த்தார், வலது கைமுட்டியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே அளவுல தேஞ்சிருக்கே. இவ என்ன தவழ்ந்துக்கிட்டா ஸ்கூலுக்குப் போறா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கறைகூட இரண்டு பக்கமும் ஜோடியாக விழுந்திருந்தது. கல்யாண ப்ளவுஸில் இடது கைக்கு ஒரு மயில் போட்டால் வலது கைக்கும் ஒரு மயில் போட வேண்டும். பதினாறு வருடம் அப்படியே பழகிய கை, அழுக்கையும் ஜோடி ஜோடியாகப் போட்டுவிட்டிருக்கிறது.

"இவ எந்தக் கையால எழுதுவா? பையை எந்தத் தோள்ல மாட்டுவா? யார் பக்கத்துல உக்காருவா? அதெல்லாம் தெரியாம எங்க தேய்ப்பீங்க?"

தெரியாது என்றேன். தெரியாமல் செய்யாதீர்கள் என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது ஏச்சுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் மிதுனாவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. ஈரோட்டில் அந்த வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. பிறகு நாத்தனாருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"படிச்சிட்டிருக்கா ஹேமா. பொழுதன்னிக்கும் ரூமுக்குள்ளதான். தொந்தரவே இல்லாத புள்ள."

மிதுனா என் ஒரே மகள். இவருக்கு மஸ்கட்டில் வேலை. நான் இங்கே சேர்ந்தபோது அவளைப் பதினொன்றாம் வகுப்புக்கு ஈரோட்டில் அவள் அத்தை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். நல்ல பள்ளி, நல்ல ரிசல்ட். போன தீபாவளிக்கு வந்தபோது ஸ்கூலை மாற்று என்று ஒரே பிடிவாதம். புது இடம் எந்தப் பிள்ளைக்குத்தான் உடனே பிடிக்கும்? ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். சரியாகித்தான் விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் துணி காயப்போடும்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேன். வீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு, இங்கே உட்கார்ந்து கைமுட்டியைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். போன வருடச் சீருடையைப் பார்சலில் அனுப்பு என்று மிதுனாவுக்குச் செய்தி போட்டேன்.

"எதுக்கு?"

நாடகத்துக்கு என்றேன்.

"ம்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

பார்சல் வந்தது. இன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

போன வருடம் ஜூன் மாதம் நானே தைத்தது. மேஜைமேல் விரித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதுவரை நான் படித்த எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது.

முதலில் பேண்ட். வளர்கிற பெண் என்று காலில் நிறைய மடிப்பு விட்டுத் தைத்திருந்தேன். அந்த மடிப்பு இறக்கப்பட்டிருக்கிறது. பழைய மடிப்பின் கோடு கருநீலத்தில் அழுத்தமாக நிற்கிறது. ஆனால் புது மடிப்பைத் தைக்கவில்லை. ஸ்டேப்ளர் அடித்திருக்கிறாள். துவைக்கத் துவைக்க அந்தப் பின்கள் துருப்பிடித்து, கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு வட்டங்கள். எவ்வளவு உயிரான விஷயம் இது. ஆயிரம் முறை யோசித்தாலும் எனக்கு ஸ்டேப்ளர் தோன்றியிருக்காது. நாத்தனார் வீட்டில் ஊசி நூல் இல்லாமலா இருக்கும்? கேட்கச் சோம்பல் பட்டிருப்பாள்.

உட்காருகிற இடம் நையவில்லை, பளபளக்கிறது. டெரிகாட்டன் அப்படித்தான், கிழிவதற்கு முன் பளபளக்கும். இது தெரியாமல் தேங்காய்த் துருவியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பளபளப்பும் நடுவில் இல்லை, இடது பக்க ஓரத்தில். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து பழக்கம் போல.

பிறகு டாப். முன்பக்கம் சுத்தம். முதுகில்தான் விஷயம். இரண்டு துப்பட்டா முனைகளுக்கும் நடுவே மைப் புள்ளிகள். பின்னாலிருந்து பேனாவை உதறினால் விழுகிற மாதிரி, தலை குண்டாகவும் வால் மெலிந்தும். ஒரே நாளில் விழுந்தவை அல்ல. சில வெளுத்து ஊதாவாகி, வெறும் நிழலாக நிற்கின்றன. சில இன்னும் நீலம். தீபாவளி விடுமுறையில் இதே டாப்பை நான் இஸ்திரி போட்டபோது முதுகில் ஒன்றிரண்டுதான் இருந்தது. பேனா ஒழுகியது என்றாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. தீபாவளிக்குப் பிந்தைய மைதான் அடர்த்தி. பின் பெஞ்சுப் பிள்ளைகளின் விளையாட்டு. நாங்களும் செய்திருக்கிறோம்.

துப்பட்டாவின் வலது முனை மட்டும் மஞ்சள் பூத்து விறைத்திருக்கிறது. இழைகள் சிக்குப் பிடித்து, ஒரு மூலை மெல்லிய ஓட்டையாகவே ஆகிவிட்டது. பின்னால் தொங்க வேண்டிய முனையை முன்னால் இழுத்துக் கடித்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் இந்தப் பழக்கம் இருந்தது. வேப்பெண்ணெய் தடவி நிறுத்தினேன். நின்றுவிட்டது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. கஞ்சியில் தோய்த்தால் விறைப்பு வரும், சிக்கு வராது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மை வேலை நன்றாகப் போகிறது. டாப்பின் முதுகுமேல் டிரேஸ் தாள் வைத்து ஒவ்வொரு புள்ளியையும் படியெடுத்தேன். மைப்பேனாவை உதறுவது, துவைப்பது, காயவைப்பது, மறுபடி உதறுவது. தீபாவளிக்கு முன் ஓர் அடுக்கு, பின் பல அடுக்கு.

துப்பட்டா முனைதான் உயிரை வாங்குகிறது. கஞ்சி, பசை, சீப்பு, இரும்பு பிரஷ் எல்லாம் தோற்றன. கடைசியில் வேறு வழியில்லாமல் வாயில் வைத்துக் கடித்தேன். ஒத்திகை பார்த்துக்கொண்டே கடித்தேன், பட்டன் தைத்துக்கொண்டே கடித்தேன். தாமோதரன் பார்த்துவிட்டு, "என்னக்கா, மெஸ் சாப்பாடு பத்தலையா?" என்றான்.

தாடை வலிக்கிறது. அவள் முனையில் பாதிகூட வரவில்லை. எவ்வளவு நேரம் கடித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். ஆளுக்கொரு லட்டு. மிதுனாவுக்கு அடித்தேன், எடுத்தாள். சாப்பிட்டியா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். படிக்கிறியா என்றேன், படிக்கிறேன் என்றாள். நாடகத்துக்கு உன் சீருடை ரொம்ப உதவுகிறது என்றேன்.

"நல்லாப் பார்த்தியா?" என்று கேட்டாள்.

அணு அணுவாகப் பார்த்தேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ரெஹானாவின் வாயை அடைத்தேன்.

ஸ்டெல்லா உடுத்தி வந்து, சொல்லாமலே பெஞ்சின் இடது நுனியில் உட்கார்ந்தாள். பேண்ட் பளபளப்பே அவளை அங்கே உட்காரவைத்துவிட்டது. ரெஹானா கிட்டே போய்க் கணுக்காலின் துருவைப் பார்த்தார். துப்பட்டா முனையைத் தொட்டுப் பார்த்தார். முதுகுப் பக்கம் வந்து ரொம்ப நேரம் நின்றார். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

ஸ்டெல்லாதான் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இந்த மை யார் போட்டது? உங்க பொண்ணு டிரஸ்லயும் இப்படியே இருந்துச்சா?"

"பசங்க விளையாட்டு."

"ஒரு வருஷமாவா விளையாடுனாங்க?"

அடுக்கு அடுக்காகப் போட்டிருப்பதைக் கவனித்துவிட்டாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

"பொண்ணுகிட்ட கேட்டீங்களாக்கா?" என்றாள் மறுபடி.

"அவ எங்க போன எடுக்கறா."

ரெஹானா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "டிரெஸ் தேறிடுச்சுக்கா, லைட்ல பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாராட்டக்கூட அளந்துதான் பாராட்டுவார் போல.

ஆகஸ்ட் 28, வியாழன்

விளக்குப் பொறுப்பு கபிலன். அவனும் எங்கள் வகுப்புதான். பேருந்து நிலையத்து மாலை வெயில் என்று மேடை முழுக்க மஞ்சள் வெளிச்சத்தைக் கொட்டி வைத்திருக்கிறான். அந்த மஞ்சளில் என் மை மொத்தமும் அழுக்கோடு அழுக்காகக் கரைந்துவிட்டது. ஊதாவும் தெரியவில்லை, நீலமும் தெரியவில்லை. அத்தனை நாள் உதறியது வீண்.

சண்டை போட்டேன். "மூடு வேணும்க்கா" என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வேறு முணுமுணுத்தான். உன் மூடை அடுப்பில் போடு, அவள் திரும்பி உட்காருகிற இடத்தில் எனக்கு வெள்ளை விளக்கு வேண்டும், நேராக முதுகில் விழ வேண்டும் என்று நின்றேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் ஒவ்வொரு புள்ளியும் தெரிய வேண்டும் என்றேன்.

கொடுத்துவிட்டான். இங்கே வந்து நான் வென்ற முதல் சண்டை.

செப்டம்பர் 6, சனி

மஸ்கட்டிலிருந்து இவர் பேசினார். நாடகத்துக்கு மிதுனாவை அழைத்துப் போகச் சொல்லி அக்காவிடம் பேசிவிட்டாராம். வரமாட்டேன் என்றவள், அவளுடைய சீருடையைப் பார்த்துத்தான் அம்மா உடை செய்திருக்கிறாள் என்றதும் வருகிறேன் என்றாளாம். அம்மா வேலைமேல் இப்போதாவது ஒரு ஆர்வம் வந்ததே.

செப்டம்பர் 11, வியாழன்

ஸ்டெல்லாவுக்குச் சளி. துப்பட்டா முனையை வாயில் வைக்கிறவளுக்குச் சளி பிடித்தால் யாரைத் திட்டுவது?

செப்டம்பர் 13, சனி

மதிய பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மிதுனா என்னைவிட உயரமாகிவிட்டாள். லாட்ஜில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். ஆறரை மணிக்கு நாடகம். இன்று பொதுமக்கள், நாளை தேர்வாளர்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். நாத்தனார் வந்து உட்கார்ந்தார். மிதுனா நேராகப் பின்னால் போய், கடைசி வரிசையில் சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேடை ஓரத்திலிருந்து எனக்கு அது தெரிந்தது. எரிச்சலாக இருந்தது.

ஸ்டெல்லா பிரமாதப்படுத்தினாள். பாதி நாடகம் வரை முதுகைக் காட்டவே இல்லை. டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் போனால் அவளும் பெஞ்சிலேயே மெல்லத் திரும்புவாள். பிறகு யாருமில்லாத ஒரு நேரத்தில் எங்களைப் பார்க்க முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். வெள்ளை விளக்கு விழுந்தது. அரங்கில் யாரோ "ஐயோ" என்றார்கள், சத்தமாக இல்லை. அதற்கு மேல் வசனமே தேவைப்படவில்லை. கடைசியில் அம்மா வந்து, "ஏன்டி போகல?" என்று கேட்கிறாள். ஸ்டெல்லா வலது முனையை இழுத்து வாயில் வைத்தாள். இருட்டு.

கைதட்டல் ஓய நேரமானது. ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது முதல் நாள் துணி இல்லக்கா" என்றார். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

உடை மாற்றும் அறைக்கு நாத்தனார் வந்தார். "அப்படியே நம்ம மிதுனா டிரஸ்ஸாட்டவே இருக்குது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். ஸ்டெல்லா உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதை ஹேங்கரில் மாட்டினேன். மிதுனா அதன் எதிரே வந்து நின்றாள்.

"இது என்னுதா?"

"இல்ல கண்ணு. உன்னுதப் பார்த்துச் செஞ்சது. உன்னுது பெட்டில பத்திரமா இருக்கு."

டாப்பைத் திருப்பினாள். முதுகில் விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தடவினாள். தோளுக்குக் கீழே சேர்ந்தாற்போல் இருந்த இரண்டு புள்ளிகளில் விரல் நின்றது.

"இது ரெண்டையும்கூட அதே எடத்துல வெச்சிருக்க."

"ட்ரேஸ் எடுத்தேன்." பாராட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"பின்னு துருப்பிடிச்சதக்கூட விடல. எல்லாத்தையும் பார்த்திருக்கம்மா. இவ்வளவு பார்த்துட்டு, இது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான் போனையே எடுக்கறதில்ல." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"எடுத்தா சாப்பிட்டியாம்ப. படிக்கிறியாம்ப." அவள் அழவில்லை. "நீ அனுப்பச் சொன்னப்ப அத்தை துவைச்சு அனுப்பறேன்னாங்க. வேண்டாம், அப்படியே போகட்டும்னு நான்தான் சொன்னேன். நீ துணியப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். பார்சல் வந்த அன்னிக்கு ராத்திரி முழுக்க போனைக் கையில வெச்சிட்டிருந்தேன்."

பார்சல் வந்த அன்று நான் கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

மேஜைமேல் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தேன். "நாளைக்கு இது இருக்காது. இந்த முனைய வெட்டி மடிச்சுத் தெச்சிடறேன். மையும் வேண்டாம், வேற டாப் போட்டுக்கலாம். யாரும் பார்க்க வேண்டாம்."

"வெட்டாத."

"எனக்கு மார்க் போனாப் போகுது."

"வெட்டாதம்மா. அது இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் பார்க்கட்டும், நல்லதுதான்." என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "நீ கேளு. அவ்வளவுதான்."

அதற்குள் நாத்தனார் வந்துவிட்டார். லாட்ஜ் வரை மூன்று பேரும் நடந்தோம்.

இப்போது மிதுனா கதவைத் தட்டுகிறாள். தனியாக வந்திருக்கிறாள்.

அதே நாள், மதியம்

இன்றைய காட்சிக்காக உடையை நீவ இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்திருந்தேன். உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நானும் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"துப்பட்டாவ எதுக்குக் கடிக்கற?" என்று கேட்டேன்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தடவை, "இந்த வருஷம் மை இல்ல, வேற" என்றாள். அந்த வேறு என்ன என்பதையும் சொன்னாள். மெஸ் மணி அடித்து ஓய்ந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

அதே நாள், இரவு

தேர்வாளர்களில் ஒருவர் உடையின் முதுகைக் காட்டி, இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். என் பொண்ணு சட்டையில் இருந்து என்றேன். அவர் அடுத்து எதையோ கேட்க வாயெடுத்தார். "கேட்டுட்டேன் சார், ஆனா லேட்டாத்தான் கேட்டேன்" என்றேன். அவர் கேட்க வந்தது அதுவா என்று தெரியாது. ரெஹானா தலையைக் குனிந்துகொண்டார்.

தேறிவிட்டேன். மிதுனாவிடம் சொன்னபோது, "எனக்கும் பாதி மார்க் கொடு" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஈரோடு பஸ். ஜன்னலோரம் மிதுனா தூங்குகிறாள். முன்சீட்டில் நாத்தனார், நேற்று விஷயம் தெரிந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் வருகிறார். அவரை நான் எப்படிக் குறை சொல்ல? தினம் அந்தத் துணியைத் துவைத்தவர் அவர் என்றால், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நான்.

நாளை காலையில் பள்ளிக்குப் போகிறோம். தலைமையாசிரியையைப் பார்க்க வேண்டும். யார் யார் பெயரைச் சொல்வது, யார் பெயரை விடுவது, நான் எவ்வளவு பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் எல்லாவற்றையும் மிதுனாவிடம் கேட்டுக்கொண்டேன். கத்தக் கூடாது என்பது அவளுடைய முதல் நிபந்தனை. அதற்குப் பிறகும் அங்கே இருக்க முடியாது என்று அவள் சொன்னால், கையோடு டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புவோம்.

நாடகத்துக்குச் செய்தது துறையின் பெட்டியில் இருக்கிறது. அசல் என் மடியில் இருக்கிறது, முதுகுப் பக்கம் மேலே தெரிய மடித்து. நாளை மேஜைமேல் அப்படியே வைப்பேன். பசங்க விளையாட்டு என்று அந்த அம்மாள் சொல்வார்கள். எது தீபாவளிக்கு முந்தைய மை, எது பிந்தையது என்று ஒவ்வொரு புள்ளியாக எனக்குச் சொல்லத் தெரியும்.